கவிழ்த்துக் காட்டிய பாட்டில்

அக்கா, அந்தப் பாட்டிலை வாஷ்பேசின் பக்கம் கொண்டு போகாதீங்க. இப்படிக் கொஞ்சம் உட்காருங்க. இடம் இருக்கு, பையை நான் மடியில் வைச்சுக்கிறேன்.

குறை சொல்ல வரலை. நீங்க மூடியைத் திறந்துட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தீங்க பாருங்க, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பதினோரு நாளைக்கு முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒரே வித்தியாசம், நீங்க கொட்டப் போனீங்க. நான் குடிச்சுட்டேன்.

சிரிங்க, பரவாயில்லை. வேற யாராவது செய்திருந்தால் நானும் சிரிப்பேன். எங்க தெருவில் எழவு வீட்டுக்குப் போனால் என் பக்கத்தில் உட்கார மாட்டாங்க, இவ வாயைத் திறந்தால் நமக்குச் சிரிப்பு வந்துடும் என்று. அப்படிப்பட்ட ஆள் நான். இந்த ஒரு விஷயத்தில்தான் பதினோரு நாளாச் சிரிப்பு வர மாட்டேங்குது.

ஃபேனுக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது உங்க அப்பாதானே? இருக்கட்டும், எழுப்ப வேண்டாம். எத்தனை மணிக்கு உள்ளே கூப்பிடுறாங்க? பன்னிரண்டரையா? நேரம் இருக்கு. கேட்டுட்டு அப்புறம் உங்களுக்கு என்ன தோணுதோ செய்ங்க.

என் பேர் சிவரஞ்சனி. அறந்தாங்கியில் இறங்கி இன்னொரு மினிபஸ் பிடிச்சால் எங்க ஊர். அதோ, சிஸ்டர் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்காங்களே, அவங்க என் அத்தை. என் வீட்டுக்காரரைப் பெத்தவங்க. வெள்ளையம்மாள். கர்ப்பப்பை வாயில் கட்டி, கரண்ட் வைக்கணும், அதான் கதிர் பாய்ச்சுற வைத்தியம், என்று சொல்லியிருக்காங்க. அவங்க கையில் இருக்கிறதும் உங்க கையில் இருக்கிற அதே மருந்துத் தண்ணிதான். மற்ற எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறாங்க. அவங்களை மட்டும் ஏன் சிஸ்டர் கண்ணுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைச்சிருக்கு தெரியுமா? போன தடவை ஏமாத்திட்டாங்களாம். தண்ணியைக் குடிக்காமல் ஊத்திட்டாங்களாம்.

ஏமாத்தினது நான்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. இந்தப் படம் எடுக்கிற நாள். இது வழக்கமான ஸ்கேன் மாதிரி எடுத்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறது இல்லையாம். இதை வைச்சுத்தான் கம்ப்யூட்டரில் கோடு போட்டு, கரண்ட் எங்கே விழணும், எங்கே விழக் கூடாது என்று முடிவு பண்ணுவாங்களாம். விடிகிறதுக்கு முன்னால் எழுந்து, சோறு கட்டி, என் பொண்ணு தன்ஷிகாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுட்டுக் கிளம்பினோம். அவளுக்குப் பத்து மாசம். கஞ்சி குடிப்பாள், ஆனால் தூக்கத்துக்கு என் பால்தான் வேணும். இங்கேயிருந்து ஒன்றேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டால் மினிபஸ் தப்பிடும். அடுத்தது சாயங்காலம் ஆறரைக்கு. நீங்களும் பிள்ளை பெத்தவங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. பத்து மணிக்கே மார் கட்டிக்கிட்டது. ரவிக்கைக்குள் கைக்குட்டையை மடிச்சு வைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டர் பாட்டிலை என் கையில்தான் கொடுத்தாங்க. அருள்மேரி சிஸ்டர், அவங்களேதான். "ஒரு லிட்டர் இருக்கு. ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்க வைங்க. முழுசும் உள்ளே போகணும். பாத்ரூம் போகக் கூடாது, அடக்கிக்கணும். இது போனாத்தான் படத்துல குடல் வெள்ளையாத் தெரியும். எது குடல், எது கட்டினு பிரிச்சுக் கோடு போடலாம். பதினொன்றரைக்குள் முடிக்கலைனா அடுத்த ஆளை உள்ளே விட்டுருவேன், உங்களுக்கு வேற தேதிதான்."

எவ்வளவு தெளிவாச் சொன்னாங்க பாருங்க. இன்றைக்கு உங்களுக்கு நான் ஒரு வார்த்தை விடாமல் சொல்றேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது ரெண்டே ரெண்டு. பதினொன்றரை. வேற தேதி.

அத்தை ஒரு மடக்குக் குடிச்சாங்க. மூடினாங்க. மடியில் வைச்சாங்க. சுவரைப் பார்த்தாங்க. மறுபடி ஒரு மடக்கு. காகம் தண்ணி குடிக்கிற மாதிரி. எனக்குக் கடிகாரத்தில் ஒரு கண், பாட்டிலில் ஒரு கண்.

"குடிங்கத்தை."

"குடிக்கிறேன் புள்ள."

"வேகமாக் குடிங்கத்தை. கசக்குதா?"

"கசப்பெல்லாம் பெருசா இல்லை."

"அப்புறம் என்ன?"

அவங்க சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நானும் மறுபடி கேட்கலை. இதை நினைவில் வைச்சுக்கோங்க அக்கா. நான் மறுபடி கேட்கலை.

பதினொன்று பத்துக்கு கால் பாட்டில்தான் குறைஞ்சிருந்தது. "முடியலை புள்ள" என்றாங்க. எனக்குப் பாவமாப் போச்சு. வயசானவங்க, வெறும் வயிறு, இவ்வளவு தண்ணியை எப்படிக் குடிப்பாங்க என்று...

இல்லை. உங்களிடம் எதுக்குப் பொய். வீட்டில் என் மனசுக்குள்ளே இப்படித்தான் பலநாள் சொல்லிக்கிட்டேன், பாவம் பார்த்துத்தான் செய்தேன் என்று. பாவமெல்லாம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது பஸ். கைக்குட்டை நனைஞ்சு ரவிக்கை வரைக்கும் வந்திருந்தது. கூடவே எனக்கு நல்ல தாகம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குக் கேட்கவா வேணும்.

பிள்ளை வைச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? அது மிச்சம் வைக்கிறதெல்லாம் நம்ம வாய்க்குத்தான். அரை பிஸ்கட், ஆறின கஞ்சி, கடிச்சுத் துப்பின வாழைப்பழம். யோசிக்கிறதே இல்லை, கை தானா எடுத்து வாயில் போட்டுக்கும். அப்படித்தான் எடுத்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அத்தை என்னைப் பார்த்தாங்க. வேண்டாம் என்று சொல்லலை. குடி என்றும் சொல்லலை. முந்தானையால் பாட்டில் வாயைத் துடைச்சுக் கொடுத்தாங்க.

முக்கால் லிட்டர், அக்கா. அஞ்சே மடக்கு.

மேசைக்குக் கொண்டு போனேன். "ஆச்சா?" என்று கேட்டாங்க சிஸ்டர். "ஆச்சு சிஸ்டர், சொட்டு இல்லை" என்று பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன். கவிழ்த்து ஆட்டி வேற காட்டினேன். சிஸ்டர் எழுந்து நின்னு இந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாங்க: "பாருங்க எல்லாரும். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டு வந்து, மாமியாருக்குப் பக்கத்துல உட்கார்ந்து எப்படிக் குடிக்க வைச்சிருக்கு இந்தப் பொண்ணு. பெத்த மகளுங்களே பண்ண மாட்டேங்குதுங்க."

எனக்கு வெட்கமா இருந்ததா என்று கேளுங்க. இல்லை. சந்தோஷமா இருந்தது. பஸ்ஸில் ஏறினதும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னேன். அவர் லாரியில் போறவர், அப்போது நாமக்கல் பக்கம் எங்கேயோ இருந்தார்.

எனக்கு இந்தப் பேர் வாங்குகிற வியாதி சின்னதிலிருந்தே உண்டு. எங்க ஸ்கூலில் வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிஞ்சதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாங்க. நான் கிளாஸ் லீடர். என் பக்கத்தில் பாண்டீஸ்வரி என்று ஒருத்தி. மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும் அவளுக்கு. "நீயே போட்டுக்கடி" என்று என் கையில் வைப்பாள். போட்டுக்குவேன். டீச்சர் கேட்டால் எல்லாரும் போட்டாச்சு டீச்சர். நோட்டில் வரிசையா டிக். எங்க கிளாஸுக்கு பிரேயரில் கைதட்டெல்லாம் கொடுத்தாங்க. பத்தாம் வகுப்பில் பாண்டீஸ்வரி அதே பிரேயரில் மயங்கி விழுந்தாள், உடம்பில் ரத்தமே இல்லை என்று சொன்னாங்க. ஓடிப் போய் முகத்தில் தண்ணி தெளிச்சது நான்தான். அதுக்கும் எனக்கு நல்ல பேர். ரெண்டையும் சேர்த்து நினைச்சுப் பார்க்க எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கு பாருங்க.

நோட்டில் டிக் இருந்தால் போதும், பாட்டில் காலியா இருந்தால் போதும். என் படிப்பு அவ்வளவுதான்.

பஸ் புதுக்கோட்டையைத் தாண்டுகிறப்போதுதான் எனக்கு உறைச்சது. மருந்தைக் குடிச்சிருக்கேன். நான் பால் கொடுக்கிறவள். இது பாலில் இறங்கி என் பிள்ளைக்குப் போனால்? அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, உள்ளே நடந்ததைச் சொல்லிக்கிட்டு வர்றாங்க: "கையில ஊசி போட்டாங்க புள்ள. மருந்து ஏறுனதும் உடம்பெல்லாம் கதகதனு ஆகிப் போச்சு. ஒன்னுக்குப் போயிட்டேன்னே நினைச்சேன். போகலையாம், எல்லாருக்கும் அப்படித்தான் தோணுமாம். வயித்துல மையால கோடு போட்டிருக்காங்க, தேய்க்கக் கூடாதாம்." நான் ம், ம் என்றேன். ஒரு வார்த்தை மனசில் ஏறலை.

வீட்டுக்குப் போனதும் தன்ஷிகா தாவிக்கிட்டு வந்தாள். நான் கொடுக்கலை. கொல்லைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி வாழைக்குழியில் விட்டேன். அவள் அழுத அழுகை இருக்கே. பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் துப்புறாள். ரவிக்கையைப் பிடிச்சு இழுக்கிறாள். அத்தை வந்து, "ஏன் புள்ள, பிள்ளைக்கு ஏன் கொடுக்கலை?" என்று கேட்டாங்க. காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு என்றேன். அவங்க என் நெற்றியில் கையை வைச்சுப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கிட்டு நடந்தாங்க. ஊசி குத்தின கை வீங்கியிருந்தது. அந்தக் கையில்தான் பிள்ளை.

இப்படி ரெண்டு நாள். புதன்கிழமை ஊருக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வருவாங்க. அவங்களிடம் சுற்றி வளைச்சுக் கேட்டேன், என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி, அவளுக்குப் பச்சைப் பிள்ளை, தெரியாமல் ஸ்கேனுக்குக் குடிக்கிற மருந்துத் தண்ணியைக் குடிச்சுட்டாள், பால் கொடுக்கலாமா என்று. அந்தம்மா ஊசியில் மருந்தை ஏத்திக்கிட்டே, "அது குடல்ல நின்னு வெளியே போயிடும். ரத்தத்துல ஏறுறதே கொஞ்சம், பால்ல வர்றது அதைவிடக் கொஞ்சம். பிள்ளைக்கு ஒன்னும் ஆகாது, தாராளமாக் கொடுக்கச் சொல்லு" என்றாங்க. எனக்கு உசிர் திரும்பி வந்தது. அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டேன்.

அந்தம்மா அடுத்த பிள்ளைக்கு ஊசி போட்டு முடிச்சுட்டு, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாங்க. "ஏம்மா, அந்தத் தண்ணி யாருக்குக் கொடுத்தது? அவங்க வயித்துல இப்ப என்ன இருக்கு?"

அக்கா, ரெண்டு நாள். ரெண்டு நாளும் நான் என் பாலைப் பற்றித்தான் யோசிச்சேன். என் உடம்பில் போனது என்ன செய்யும் என்று யோசிச்சேனே தவிர, போக வேண்டிய உடம்பில் போகலையே என்று ஒரு தடவைகூட எனக்குத் தோணலை. கட்டி இருக்கிற வயிறு அது. கோடு போட்டு வைச்சிருக்கிற வயிறு. அந்தக் கோட்டை வைச்சுத்தானே கரண்ட் வைப்பாங்க?

சரி, அன்றைக்கே இங்கே போன் பண்ணிச் சொன்னேனா? நம்பர் ஃபைல் மேலேயே எழுதியிருக்கு. சொல்லலை. பெரிய மெஷின், பெரிய டாக்டர்கள், அவங்களுக்குத் தெரியாதா, தானாக் கண்டுபிடிச்சுக்குவாங்க என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன். அப்படியே கண்டுபிடிச்சுட்டாங்க. அடுத்த திங்கட்கிழமை போன் வந்தது. படம் சரியா இல்லை, டாக்டரைப் பார்க்க வாங்க என்று.

டாக்டரம்மா நல்லவங்கதான். வேலை அதிகம், அதனால் குரல் கொஞ்சம் கறார். கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பினாங்க. சாம்பலும் கறுப்புமா ஏதோ இருந்தது. "இங்கே வெள்ளையாத் தெரியணும். மேலே ஏதோ கொஞ்சம் தெரியுது, கீழே ஒன்னுமே இல்லை. மூத்திரப்பையும் சுருங்கிக் கிடக்கு, அதனால குடல் இறங்கி உட்கார்ந்திருக்கு. இதை வைச்சு கரண்ட் கொடுத்தா குடல் வெந்து போகும் பாட்டி. அப்புறம் வாழ்க்கை பூரா வயித்துப்போக்கு, ரத்தம். அந்தத் தண்ணியை முழுசும் குடிச்சீங்களா இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன், அக்கா. திறந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்குள்ளே அத்தை சொல்லிட்டாங்க.

"ஊத்திட்டேம்மா."

"எங்கே ஊத்துனீங்க?"

"கை கழுவுற இடத்துல. கசந்துச்சு."

கதவு ஓரம் ஃபைலோடு அருள்மேரி சிஸ்டர் நிற்கிறாங்க. அவங்களுக்கு முகம் சிவந்து போச்சு. "ஏன் பாட்டி, இந்தப் பொண்ணு பச்சைப் பிள்ளையை விட்டுட்டு வந்து உங்ககூட அலையுது. அது கண்ணுக்குத் தெரியாம ஊத்தியிருக்கீங்களே, மனசாட்சி வேண்டாம்?" என்றாங்க. டாக்டரம்மா ஃபைலில் என்னமோ எழுதினாங்க. சொன்னதைக் கேட்கிறவங்க இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கணும் என்று எழுதியிருக்காம். சிஸ்டர் பிறகு என்னிடம் சொன்னாங்க. என் தோளைத் தட்டிக் கொடுத்துச் சொன்னாங்க.

திறந்த வாயை மூடிக்கிட்டேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். என்னைக் காப்பாத்திட்டாங்களே, மகள் மாதிரி நினைச்சிருக்காங்களே என்று உருகிப்போய், "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க:

"அவங்க உன்னைத் திட்டியிருந்தா நீ கோவிச்சுக்கிட்டு நாளைக்கு வர மாட்டே. எனக்கு வேற யாரு இருக்கா கூட்டிட்டு வர?"

பாசத்தில் சொல்லலை அக்கா. பயத்தில் சொல்லியிருக்காங்க. என்னிடம் பயம். நான் சிரிச்ச முகம், நல்ல மருமகள், ஊரே சொல்லும். என்னோட ஒரே வீட்டில் மூணு வருஷமா இருக்கிறவங்களுக்கு என்னிடம் அந்தப் பயம் இருந்திருக்கு.

இதோடு நின்னதா? சாயங்காலம் என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். எதுக்கு ரெண்டாவது ஸ்கேன் என்று கேட்டார். இந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். புருஷன்தானே, என்ன, ரெண்டு திட்டுத் திட்டுவார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தை தண்ணியை ஊத்திட்டாங்களாம்." ஊத்திட்டாங்க என்று சொல்லலை, ஊத்திட்டாங்களாம். அந்த 'ளாம்' போட்டால் பொய் இல்லை என்று எனக்கு நினைப்பு. அவர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். "ஏம்மா, உனக்காக அவ பிள்ளையைப் போட்டுட்டு நாயா அலையுறா. நீ தண்ணியை ஊத்திட்டு வந்து நிக்கிறியா? சாகணும்னு ஆசையா இருந்தா சொல்லிரு, எல்லாரும் வேலையைப் பார்க்கிறோம்" என்றார். கோபத்தில் பேசுற பேச்சு. அத்தை பிள்ளைத் துணியை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மடிச்சு முடிச்சுட்டு, "இனிமே குடிச்சுடுறேன்டா" என்றாங்க.

அன்றைக்கு நான் சாப்பிடலை. சாப்பிடலை என்று சொல்றது என்னவோ பெரிய தண்டனை மாதிரி. மறுநாள் காலையில் சேர்த்துச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிடுறேன்.

இன்றைக்குக் காலையில் மறுபடி கிட்னிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, ஊசி மருந்தைத் திரும்ப ஏத்தணும் இல்லையா, அதுக்கு. அப்புறம் ஊசி ஏத்த நரம்பு கிடைக்கலை. நாலு இடத்தில் குத்தினாங்க. அதோ பாருங்க, ரெண்டு கையிலும் பிளாஸ்திரி. ஒவ்வொரு குத்துக்கும் அத்தை கண்ணை மூடுறாங்க, நான் தரையைப் பார்க்கிறேன். அந்த நாலும் எனக்கு விழ வேண்டியது.

அப்புறம் சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இங்கே உட்காருங்க பாட்டி, என் கண்ணு முன்னால குடிங்க" என்றாங்க. அத்தை ஒரு மடக்குக் குடிச்சு மூடினாங்க. அதே மாதிரி, சுவரைப் பார்த்தாங்க. சிஸ்டர் கேட்டாங்க, "என்ன பாட்டி, கசக்குதா?" இல்லை என்று தலையாட்டினாங்க. "குமட்டுதா?" இல்லை. "அப்புறம் என்னதான் பண்ணுது, வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

நான் ஒரு தடவை கேட்டு விட்டுட்டேன் என்று சொன்னேனே. சிஸ்டர் மூணு தடவை கேட்டாங்க. மூணாவது தடவை அத்தை குனிஞ்சு அவங்க காதில் சொன்னாங்க. இங்கே வரைக்கும் கேட்டது. "அடக்க முடியலைம்மா. இந்த நோவு வந்ததுல இருந்து எனக்குத் தெரியாமலே போயிடுது. இத்தனை ஆம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க. சேலை நனைஞ்சுடுமோனு பயமா இருக்கு."

இவ்வளவுதான் அக்கா. சிஸ்டர் உள்ளே போய் ஒரு பேடும் விரிப்புத் துணியும் எடுத்துட்டு வந்தாங்க. திரைக்குப் பின்னால் கூட்டிட்டுப் போய்க் கட்டிவிட்டு, "நனைஞ்சா நனையட்டும், மாத்துத்துணி இருக்கு. நீங்க குடிங்க" என்றாங்க. அதுக்கப்புறம் பாருங்க, எப்படிக் குடிக்கிறாங்க. கால் பாட்டில்கூட மிச்சம் இல்லை. எங்க வீட்டில் ஒரே கொடியில்தான் துணி காயுது. அவங்க சேலையை விடியறதுக்கு முன்னாலேயே அலசிக் காயப் போட்டுடுவாங்க. சுத்தக்காரி என்று ஊரில் சொல்லிச் சிரிச்சிருக்கேன் நான்.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். உங்க அப்பாவுக்கு என்ன பண்ணுது என்று கேட்டீங்களா? கேட்டுட்டு, எழுந்து போய் சிஸ்டரிடம் அதையே சொல்லுங்க. கத்துவாங்க. கத்தினால் என்ன. கத்திட்டு ஏதாவது வழி பண்ணுவாங்க. வாந்தி என்றால் அதுக்கு மாத்திரை தருவாங்களோ, நேரம் தள்ளி விடுவாங்களோ. பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினால் அவங்களுக்கு வழி பண்ண ஒன்றும் இருக்காது. படத்தில் மட்டும்தான் தெரியும். தெரியாமல் போனால் அதைவிட மோசம்.

என்ன பார்க்கிறீங்க?

ம். கேட்பீங்க என்று தெரியும்.

இல்லை அக்கா. சொல்லலை. சிஸ்டருக்கு இன்னும் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதல் தடவையா முழுசாச் சொல்றேன். உங்களை இனிமேல் நான் பார்க்கப் போறதில்லை, அதனால் சுலபமா வந்துட்டது போல.

இன்றைக்குத்தான் அத்தை சரியாக் குடிச்சுட்டாங்களே, படம் நல்லா வந்துடும், பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனால் கரண்ட் இருபத்தஞ்சு நாள். ஒவ்வொரு நாளும் தண்ணி குடிச்சு, அடக்கி வைச்சுக்கிட்டுத்தான் படுக்கணுமாம். ஃபைலில் எழுதியிருக்கு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கணும் என்று. அப்போ இருபத்தஞ்சு நாளும் அந்த ஸ்டூல். இருபத்தஞ்சு நாளும் வர்றவங்க போறவங்க கேட்பாங்க, இந்தப் பாட்டி மட்டும் ஏன் தனியா என்று. சிஸ்டர் சொல்வாங்க. நான் இந்தப் பெஞ்சில் நல்ல மருமகளா உட்கார்ந்திருப்பேன்.

அந்தா, முடிச்சுட்டாங்க. பாருங்க, பார்த்தீங்களா. பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுறாங்க சிஸ்டருக்கு. ஆட்டியும் காட்டுறாங்க. என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டது அது.

சிஸ்டர் என்ன சொல்றாங்க? கேட்குதா உங்களுக்கு? "அன்னிக்கே இப்படிக் குடிச்சிருந்தா இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு அலைச்சல் உண்டா?" ஹாலில் எல்லாரும் சிரிக்கிறாங்க. அத்தையும் சிரிக்கிறாங்க. அவங்களும் சேர்ந்து சிரிக்கிறாங்க, அக்கா.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. சாப்பாட்டுத் தூக்கு உள்ளே இருக்கு, சாய்ச்சுடாதீங்க. பையை நான் உட்கார்ந்த இடத்தில் வைச்சுக்கோங்க. நான் அந்த மேசை வரைக்கும் போயிட்டு வரேன். உங்க அப்பா விஷயத்தையும் சேர்த்துச் சொல்லட்டுமா? வேண்டாம், அதை நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு என் பங்கைச் சொல்லவே நாக்கு புரளணும்.

ஒன்னு மட்டும் செய்ங்க. போன வேகத்தில் நான் ஒன்னும் சொல்லாமல் சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தால், ஏதாவது காப்பி டீ வேணுமா அக்கா என்று பேச்சை மாத்தினால், பையை எடுக்காதீங்க. இங்கே ஆள் இருக்கு, இடம் இல்லை என்று சொல்லிடுங்க.